ஊதிப் பார்த்தால் நுரையீரல் நோய் தெரிந்துவிடுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 52 வயது. 22 வருடம் தினமும் ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட் புகைத்தவன். நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. அப்பா நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். கண்டுபிடித்தபோதே நோய் முற்றியிருந்தது. இரண்டு மாதமாக எனக்குக் காலையில் வறட்டு இருமல். மாடி ஏறினால் முன்பைவிடக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. அடுத்த மாதம் எங்கள் அலுவலகத்தில் ஒரு மருத்துவ முகாம் நடக்கப்போகிறது. கையடக்கக் கருவி ஒன்றில் ஊதினால் போதுமாம். நுரையீரல் புற்றுநோய், சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், காசநோய் எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு ஆரம்பத்திலேயே சொல்லிவிடுமாம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை என்பதால் பெயர் கொடுத்துவிட்டேன். என் மனைவியோ, "அதெல்லாம் வேண்டாம், ஸ்கேன் எடுங்க" என்கிறாள். எனக்கு ஸ்கேன் கதிர்வீச்சை நினைத்தால் பயம். இதற்கிடையே, இரவில் இருமிக்கொண்டே இருக்கும் என் 13 வயது மகனுக்கு "ஃபீனோ" என்று ஒரு மூச்சுப் பரிசோதனையை அவனுடைய டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதுவும் இதுவும் ஒன்றுதானா? அவனையும் முகாமிலேயே ஊதச் சொல்லிவிடலாமா?

பதில்: உங்கள் விஷயத்தில் முதலில் ஒன்று. முகாம் வரை காத்திருக்காதீர்கள், இந்த வாரமே ஒரு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். கருவியைப் பற்றி விலாவாரியாக எழுதிவிட்டு, இருமலையும் மூச்சு வாங்குவதையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கண் நின்றது அங்கேதான்.

ஸ்கிரீனிங் என்று நாங்கள் சொல்வது, எந்தத் தொந்தரவும் இல்லாதவரிடம் நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதை. உங்களுக்குத் தொந்தரவு இருக்கிறது. எட்டு வாரம் தாண்டிய இருமலை நாள்பட்ட இருமல் என்றே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள். அதோடு 22 வருடப் புகை, புதிதாக மூச்சு வாங்குவது, அப்பாவின் நோய். இவ்வளவும் உள்ள ஒருவருக்கு எந்த முகாமும் சரியான இடம் கிடையாது. நெஞ்சு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி (ஊதும் காற்றின் அளவையும் வேகத்தையும் அளக்கும் பரிசோதனை), தேவைப்பட்டால் சிடி ஸ்கேன், இந்த வழியில்தான் போக வேண்டும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட இருமலுக்குப் பெரும்பாலும் புற்றுநோயைவிடச் சாதாரணமான காரணம்தான் இருக்கும். புகையால் மூச்சுக்குழாய் கெட்டிருக்கலாம், வயிற்று அமிலம் மேலே ஏறலாம், மூக்கிலிருந்து சளி தொண்டைக்குள் இறங்கலாம். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் என்று "ப்ரில்" என முடியும் மாத்திரை எதையாவது சாப்பிடுகிறீர்களா? வறட்டு இருமலுக்கு அது ஒன்றே போதும். மாத்திரை அட்டையை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எனக்குக் கவலை தரும் சூழ்நிலை வேறு. முகாமில் ஊதுகிறீர்கள், திரையில் பச்சை விளக்கு எரிகிறது. "அப்பாடா" என்று வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். அந்தப் பச்சை விளக்கை நம்பி இருமலை இன்னும் ஆறு மாதம் சுமந்துகொண்டு திரிவீர்கள். சிவப்பு விளக்கு எரிந்தால்கூடப் பரவாயில்லை, குறைந்தபட்சம் மருத்துவரிடம் ஓடுவீர்கள்.

சரி, அப்படியானால் மூச்சுப் பரிசோதனை என்பதே ஏமாற்று வேலையா என்றால், இல்லை. அதன் பின்னால் இருக்கும் அறிவியல் நிஜமானது, சுவாரசியமானதும்கூட.

நாம் வெளியே விடும் காற்றில் ஏறக்குறைய 78 சதவீதம் நைட்ரஜன், 16 சதவீதம் ஆக்சிஜன், 4 சதவீதத்துக்கு மேல் கரியமில வாயு. கூடவே நீராவியும் கொஞ்சம் ஆர்கானும். இவை போக, எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்கள் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருக்கின்றன. 1971இல் வேதியியலாளர் லினஸ் பாலிங்கும் உடன் பணியாற்றியவர்களும் மூச்சுக்காற்றைக் குளிர்வித்துச் சேகரித்து கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தியபோது சுமார் 250 பொருள்கள் தென்பட்டன. இன்றைய கணக்கில், பலருடைய மூச்சையும் சேர்த்துப் பார்த்தால் இது ஆயிரத்தைத் தாண்டும். இவற்றில் பல ரத்தத்திலிருந்து வருகின்றன. நுரையீரலின் காற்றறைகளில் ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது, அத்தனை அறைகளையும் விரித்தால் பரப்பு 50 சதுர மீட்டருக்கும் மேல். ரத்தத்தில் ஓடுகிற ஆவியாகும் பொருள் எதுவும் அவ்வளவு பெரிய, அவ்வளவு மெல்லிய சுவரைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்காமல் இருக்காது.

மருத்துவர்கள் மூக்கால் இதைப் பயன்படுத்திக்கொண்டது ரொம்பப் பழைய பழக்கம். சர்க்கரை நோய் முற்றி உடலில் அமிலம் கூடியவரின் மூச்சில் பழுத்த பழ வாடை வரும்; அது அசிட்டோன். சிறுநீரகம் செயலிழந்தவரிடம் அம்மோனியா நெடி. கல்லீரல் கெட்டவரின் மூச்சில் ஒரு புழுங்கிய இனிப்பு நாற்றம். ஒரு முறை உணர்ந்தவருக்கு அது மறக்காது. ஆனால் இவை மூன்றுமே நோய் நன்றாக முற்றிய பிறகு வரும் வாடைகள். ஆரம்பத்தில் மூக்குக்கு எதுவும் எட்டாது. அந்த இடத்தில் கருவி வேலை செய்யுமா என்பதுதான் விஞ்ஞானிகள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

சில மூச்சுப் பரிசோதனைகள் ஏற்கெனவே அன்றாட மருத்துவத்தில் நிலைத்துவிட்டன. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவரைப் பிடிக்கும் கருவியை 1954இல் ராபர்ட் போர்கன்ஸ்டைன் உருவாக்கினார். வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் எச். பைலோரி கிருமிக்கும் ஒரு மூச்சுப் பரிசோதனை உண்டு. கார்பன்-13 அடையாளம் இட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். அந்தக் கிருமி வயிற்றில் இருந்தால் யூரியாவை உடைத்துவிடும், அரை மணி நேரத்துக்குள் அடையாளமிட்ட கரியமில வாயு மூச்சில் வந்து நிற்கும். புகையை நிறுத்த முயல்கிறவர்களின் மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது. அப்புறம் உங்கள் மகனுக்கு எழுதிய ஃபீனோ.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொருளை அளக்கிறது. அந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்பது தெரியும். யாரிடம், எந்தச் சந்தேகத்தோடு கேட்கிறோம் என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். முகாமில் வரப்போகும் கருவியோ, "உள்ளே எங்கேயாவது, ஏதாவது, கெட்டது இருக்கிறதா" என்று கேட்கிறது. மூச்சுக்காற்று அந்த மாதிரிக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லப் பழகவில்லை என்பதே என் கருத்து.

ஏன் என்று கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புற்றுநோய் செல்லின் வளர்சிதை மாற்றம் வேறு மாதிரி நடக்கும். செல் சவ்வில் உள்ள கொழுப்பு சிதையும்போது பென்டேன், ஹெக்ஸனால் போன்ற ஆவிகள் பிறக்கும். இதுவரை சரி. ஆனால் "ஆரம்பத்திலேயே" என்றால் எவ்வளவு பெரிய கட்டியைப் பற்றிப் பேசுகிறோம்? ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டியின் எடை அரை கிராம்தான் தேறும். அந்த அரை கிராம் விடுகிற ஆவி, அதே பொருள்களை விட்டுக்கொண்டிருக்கும் மொத்த உடலின் ஆவியோடு கலந்துதான் வெளியே வருகிறது. அளவோ நூறு கோடியில் சில பங்கு, சில பொருள்களுக்கு லட்சம் கோடியில் சில பங்கு. இதே பென்டேன், இதே ஹெக்ஸனால், சாதாரண அழற்சியிலும் கூடும். 22 வருடம் புகைத்தவரின் மூச்சுக்குழாயில் அழற்சிக்குப் பஞ்சமா?

இதோடு வெளியிலிருந்து வரும் குழப்பம் வேறு. பட்டினி கிடந்தால் அசிட்டோன் ஏறும். மாடி ஏறிவிட்டு வந்து ஊதினால் ஐசோப்ரீன் மாறும். புகைப்பவர் மூச்சில் பென்சீனும் அசிட்டோநைட்ரைலும் தங்கியிருக்கும். அறையைத் துடைத்த திரவத்தின் எலுமிச்சை வாசனை லிமோனீனாக உள்ளே போய் வெளியே வரும். மருத்துவமனைக் காற்றில் கை கழுவும் ஆல்கஹால் எப்போதும் மிதந்துகொண்டிருக்கிறது. ஆய்வுகளில் இது ஒரு பெரிய கண்ணி. நோயாளிகளை மருத்துவமனையில் ஊதவைத்து, ஆரோக்கியமானவர்களை வேறு கட்டடத்தில் ஊதவைத்தால், கணினி கண்டுபிடித்துத் தருவது புற்றுநோயாக இல்லாமல் கட்டடமாக இருந்துவிடலாம். கணினிக்கு அது தெரியாது. தொண்ணூற்றைந்து சதவீதம் சரி என்று மார்தட்டும். முன்பு உலகெங்கும் வந்த சிறிய ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு குழு சொல்லும் புற்றுநோய் ஆவிகளின் பட்டியலும் இன்னொரு குழுவின் பட்டியலும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தத்தான் 2017இல் ஐரோப்பிய சுவாசவியல் சங்கம், மூச்சை எப்படிச் சேகரிக்க வேண்டும், எப்படி அளக்க வேண்டும் என்று ஒரு தொழில்நுட்பத் தரநிலையை வெளியிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல ஆய்வுகள் ஒப்பிடுவது, ஏற்கெனவே புற்றுநோய் உறுதியானவர்களையும் முழு ஆரோக்கியமானவர்களையும். உங்களுக்கு வேண்டியது அதுவல்லவே? இருமுகிற, மூச்சு வாங்குகிற, புகைத்துவிட்ட நூறு பேரில் புற்றுநோய் உள்ள ஒருவரையோ இருவரையோ பிரித்தெடுக்க முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. அது ரொம்பவே கடினமான வேலை.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் அலுவலகத்தில் 1,000 பேர், அவர்களில் 10 பேருக்கு நோய் இருக்கிறது என்று வையுங்கள். கருவி நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோய் இல்லாத 100 பேரில் 90 பேரை "இல்லை" என்று சரியாகச் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நோயுள்ள 10 பேரில் 9 பேர் சிக்குவார்கள், ஒருவர் தப்பிவிடுவார். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் சிவப்பு விளக்கு எரியும். ஆக 108 பேர் அன்றிரவு தூங்க மாட்டார்கள், அவர்களில் 9 பேருக்கு மட்டும்தான் நோய். இதில் 10 பேர் என்று வைத்ததே தாராளம். வேலைக்கு வந்துபோகும் ஆயிரம் பேரில் அவ்வளவு பேருக்கு நுரையீரல் புற்றுநோய் இருக்காது. ஒரே ஒருவர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பொய் அபாயத்துக்கு ஒரு நிஜம் வரும். "90 சதவீதம் துல்லியம்" என்று விளம்பரத்தில் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோவிட் காலத்தில் ஒரு உதாரணம் கிடைத்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மூச்சில் ஐந்து ஆவிகளைப் பார்த்துக் கோவிடைச் சொல்லும் ஒரு கருவிக்கு அவசரகால அனுமதி கொடுத்தது. நிறுவனத்தின் ஆய்வில் அது நோயுள்ளவர்களில் 91.2 சதவீதம் பேரைப் பிடித்தது, நோயில்லாதவர்களில் 99.3 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. அப்படியும் எஃப்டிஏ என்ன சொன்னது தெரியுமா? பாசிட்டிவ் வந்தால், கிருமியின் மரபணுவைத் தேடும் மூலக்கூறு பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும். பயிற்சி பெற்றவர், மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். கருவியோ பயணப்பெட்டி அளவு. கோவிட் ஒரே நோய், உடல் முழுவதையும் உலுக்கும் தொற்று, சந்தேகமும் தெளிவானது. அதற்கே இத்தனை நிபந்தனை. மூன்று வேறு வேறு நோய்களை ஒரே ஊதலில் சொல்லும் கையடக்கக் கருவி என்றால் நான் புருவத்தை உயர்த்தத்தான் செய்வேன்.

இனி ஸ்கேன் பயம். உங்கள் மனைவி சொல்வது கிட்டத்தட்ட சரி. அமெரிக்காவில் 53,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய தேசிய நுரையீரல் ஸ்கிரீனிங் ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. அதிகம் புகைத்தவர்களுக்குக் குறைந்த அளவுக் கதிர்வீச்சு சிடி எடுத்தபோது, எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. நெல்சன் என்ற ஐரோப்பிய ஆய்வும் 2020இல் அதே திசையில் முடிவு சொன்னது. அதில் சிடி எடுக்காத ஆண்களோடு ஒப்பிட்டால், பத்து வருடத்தில் 24 சதவீதம் குறைவு. ஒரு பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்கிறது என்பது ஒன்று, அதனால் உயிர் பிழைக்கிறார்கள் என்பது வேறொன்று. இந்த இரண்டாவதை நிரூபித்திருப்பது குறைந்த அளவு சிடி மட்டும்தான். மூச்சுக் கருவி எதுவும் அந்தப் படியை இன்னும் தொடவில்லை.

சிடியும் குறையில்லாதது கிடையாது. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் மூன்று சுற்றுகளையும் சேர்த்து ஏறக்குறைய நான்கில் ஒரு ஸ்கேனில் "ஏதோ இருக்கிறது" என்று வந்தது. அவற்றில் 96 சதவீதம் கடைசியில் புற்றுநோய் இல்லை. பழைய தழும்பு, சின்ன முடிச்சு, அவ்வளவுதான். ஆனால் அதற்கு அடுத்து என்ன செய்வது, எத்தனை மாதம் கழித்து மறுபடி பார்ப்பது என்பதற்கெல்லாம் தெளிவான வழிமுறை இருக்கிறது. முகாம் கருவியின் சிவப்பு விளக்குக்கு அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள். "சிடி எடுங்கள்" என்றுதான் பதில் வரும்.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, குறைந்த அளவு சிடி ஒன்றில் சுமார் 1.5 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோர் மேலும் வருடம் முழுக்க விழும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட். உங்கள் வயதில், உங்கள் புகைக் கணக்கில், இந்த எடைபோடலில் எனக்குத் தயக்கமே கிடையாது. பாக்கெட் எண்ணிக்கையை வருடங்களால் பெருக்கினால் உங்களுக்கு 22 வருகிறது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2021இல் சொன்ன வரையறை: வயது 50 முதல் 80, கணக்கு 20 அல்லது அதற்கு மேல், இன்னும் புகைப்பவர் அல்லது 15 வருடத்துக்குள் நிறுத்தியவர். மூன்றிலும் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். நாட்டுக்கு நாடு வரையறை மாறும் என்றாலும், இருமலே இல்லாவிட்டால்கூட உங்களோடு இதைப் பற்றிப் பேசியிருப்பேன். அறிகுறி இருப்பதால் உங்கள் மருத்துவர் ஸ்கிரீனிங் சிடிக்குப் பதில் வழக்கமான சிடியே எழுதலாம். அதில் கதிர்வீச்சு இன்னும் கூடுதல்தான். அதற்காகப் பின்வாங்காதீர்கள்.

மாடி ஏறும்போது வாங்கும் மூச்சுக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்லும் ஊதல் கருவி ஒன்று 1846இலேயே வந்துவிட்டது. ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் உருவாக்கிய ஸ்பைரோமீட்டர். மூச்சில் என்ன கலந்திருக்கிறது என்பதை இது பார்க்காது. எவ்வளவு காற்று, எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று மட்டும் பார்க்கும். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், விடாதீங்க" என்று டெக்னீஷியன் கத்துவார், சங்கடப்படாதீர்கள். நீங்கள் முழு பலத்தோடு ஊதாவிட்டால் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்த பிறகும், முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், உங்களைப் போன்ற அறிகுறியும் புகைப்பழக்கமும் உள்ளவருக்கு அது சிஓபிடி. உலகில் அதிகம் உயிர் வாங்கும் நோய்களில் முன்வரிசையில் இருப்பது இது. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2021இல் மட்டும் சுமார் 35 லட்சம் பேர் இறந்தார்கள். அப்படியும், வருடக்கணக்கில் இருமிக்கொண்டு ஒருமுறைகூட ஸ்பைரோமெட்ரி செய்யாதவர்கள் ஏராளம். செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குக் கிடைக்கிற கூட்டத்தில் பாதி இந்தப் பழைய கருவிக்குக் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

நியாயமாகச் சொல்வதானால், ஸ்பைரோமெட்ரி நோய் ஓரளவு சேதம் செய்த பிறகே காட்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் மூச்சு ஆவி ஆராய்ச்சி நடக்கிறது, நடக்கவும் வேண்டும். சிடியில் ஒரு முடிச்சு தெரிகிறது, அது கெட்டதா இல்லையா, ஊசி போட்டுத் திசு எடுத்துப் பார்க்கலாமா, காத்திருக்கலாமா என்று தவிக்கும் நேரத்தில் மூச்சு ஒரு சாட்சி சொன்னால் எனக்குப் பெரிய உதவி. அங்கே கேள்வி குறுகலானது. அதனால் எனக்கு நம்பிக்கை உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020இல் வேறொரு வழியையும் காட்டினார்கள். நுரையீரலில் நோய்க்கான நொதி இருந்தால் மட்டும் உடைந்து ஆவியை விடும் நுண்துகள்களை எலிகளுக்குள் செலுத்தி, அந்த ஆவியை மூச்சில் பிடித்தார்கள். வயிற்றுக் கிருமிக்கு யூரியா கொடுக்கிற அதே யோசனைதான். எலியிலிருந்து மனிதருக்கு வர நாளாகும்.

காசநோய்க்கு மூச்சுக் கருவியை நம்பவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனைதான். மூலக்கூறு முறையில் இரண்டு மணி நேரத்தில் முடிவு வந்துவிடுகிறது, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா என்பதுகூட அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் மகன். அவனுக்கு எழுதிய ஃபீனோவும் உங்கள் முகாம் கருவியும் ஒன்றல்ல. ஊதுவது மட்டும்தான் பொது. ஃபீனோ அளப்பது நைட்ரிக் ஆக்சைடு என்ற ஒரே வாயுவை. அது மனித மூச்சில் இருப்பதை 1991இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆஸ்துமா உள்ளவர்களிடம் கூடுதலாக இருப்பதாக 1993இல் தெரிந்தது. ஒவ்வாமை வகை அழற்சியில் மூச்சுக்குழாயின் உள்தோல் இந்த வாயுவை அதிகம் உற்பத்தி செய்கிறது. முதல் கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2003இல். வாயு ஒன்றே ஒன்று, காரணமும் தெளிவு, அப்படியும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது என்பதைக் கவனியுங்கள்.

சிறுவர்களுக்கு 35 அல்லது அதற்கு மேல் வந்தால், ஆஸ்துமா போலத் தோன்றும் அறிகுறிகளும் இருந்தால், பிரிட்டனின் 2024 வழிகாட்டி அதையே ஆஸ்துமா என்று உறுதிசெய்யப் போதுமானதாக எடுத்துக்கொள்கிறது. 35 என்றால் நூறு கோடியில் 35 பங்கு. மற்ற சில வழிகாட்டிகள் இவ்வளவு தூரம் போவதில்லை, மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கச் சொல்கின்றன. காரணம் இருக்கிறது. மூக்கு ஒவ்வாமை, தோல் அரிப்பு உள்ள பிள்ளைகளுக்கும் எண் ஏறும். ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏற்கெனவே எடுப்பவருக்கும், புகைப்பவருக்கும் இறங்கிவிடும். ஆஸ்துமா இருந்தும் எண் ஏறாதவர்களும் உண்டு. இரவு இருமல் என்ற சந்தேகத்தோடு அவனை நேரில் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதனால் அவன் விஷயத்தில் இந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கிறது. தள்ளிப்போடாதீர்கள், முகாமுக்கும் அழைத்துப் போகாதீர்கள்.

போகும்போது சில விஷயங்கள். ஒரு மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, பானம், ஓடியாடுவது வேண்டாம். கீரை, பீட்ரூட் மாதிரி நைட்ரேட் அதிகமுள்ளதை அன்று தவிர்ப்பது நல்லது. ஸ்பைரோமெட்ரியும் அதே நாளில் இருந்தால் ஃபீனோவை முதலில் செய்யச் சொல்லுங்கள், பலமாக ஊதிய பிறகு எண் குறைந்துவிடும். ஜலதோஷம் பிடித்திருந்தால் சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால், ஆரம்பிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது உத்தமம். இதில் அவன் பலத்தைக் காட்ட வேண்டியதில்லை. திரையில் தெரியும் கோட்டைப் பார்த்து ஆறு முதல் பத்து விநாடி ஒரே சீராக ஊதினால் போதும். கொஞ்சம் தடையை எதிர்த்து ஊதுவது போல இருக்கும், அது வேண்டுமென்றே வைத்தது. மூக்கிலும் சைனஸ் அறைகளிலும் நைட்ரிக் ஆக்சைடு பல மடங்கு அதிகம். தடையை எதிர்த்து ஊதும்போது அண்ணத்தின் பின்பகுதி மேலே எழுந்து மூக்கு வழியை அடைத்துவிடும், மூக்குக் காற்று கலக்காது.

முகாமில் என்ன செய்வது? அலுவலக ஏற்பாடு, மறுத்தால் சங்கடம் என்றால் ஊதிவிட்டு வாருங்கள், ஊதுவதால் உடலுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ரிசல்ட் எந்தப் பக்கம் வந்தாலும் மேலே சொன்னதில் ஒரு வரியும் மாறாது. நடத்துகிறவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள்: எந்த நோயைக் கண்டுபிடிப்பதற்கென்று மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது? "பொது ஆரோக்கியக் கருவி" என்று பதிவு செய்துவிட்டு வாய்மொழியாகப் புற்றுநோய் என்று பேசுவது ஒரு பழைய தந்திரம். சிவப்பு விளக்கு எரிந்தவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் உறுதியானது? உங்கள் மூச்சுப் பதிவும் அறிக்கையும் யாரிடம் போகும், அலுவலகத்தின் கைக்குப் போகுமா? கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. முதலாளியின் மேசையில் "நுரையீரல் புற்று அபாயம்: அதிகம்" என்று உங்கள் பெயரில் ஒரு தாள் இருப்பதை, அதுவும் பெரும்பாலும் பொய்யான தாள், நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது பழைய நெஞ்சு எக்ஸ்ரே, பழைய ஸ்கேன் எது இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள். புதிய படத்தில் ஒரு முடிச்சு தெரிந்து, ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்திலும் அது அதே அளவில் இருந்தால், அங்கேயே பாதிக் கவலை தீர்ந்துவிடும். அப்பாவுக்கு எந்த வயதில், எந்த வகைப் புற்றுநோய் என்று பழைய கோப்பில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் சளியில் ரத்தம் தெரிந்தாலோ, குரல் கம்மி மூன்று வாரம் தாண்டினாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, கொடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.